வெடவெட, நமநம, பிசுபிசு: சேகரித்த சொற்களை ஊருக்கு எப்படித் திருப்பிக் கொடுப்பது?

கேள்வி – மலைச்சொல்

வணக்கம். நான் மொழியியல் ஆய்வு செய்கிறேன். கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்கிறவர்களின் தமிழில் ஒலி, தோற்றம், தொடுஉணர்வு ஆகியவற்றை அப்படியே குரலில் காட்டும் சொற்களைப் பதிவு செய்துவருகிறேன். பள்ளியில் படித்த இரட்டைக்கிளவி இதில் ஒரு பகுதிதான், 'சுருக்', 'பளிச்' எல்லாம் இரட்டிக்காமலே வரும்.

முதல் மாதம் எதுவும் கிடைக்கவில்லை. "குளிருக்கு என்னென்ன சொல்வீங்க" என்றால் "குளிருதுன்னுதான் சொல்வோம்" என்பார்கள். அப்புறம் கேள்விகளை விட்டுவிட்டு, அட்டை கடித்த கதையைச் சொல்லச் சொன்னேன். கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் "கால்ல நமநமன்னு இருந்துச்சு, குனிஞ்சு பாத்தா கொழுகொழுன்னு தொங்குது, பிடுங்கிப் போட்டா ரத்தம் பிசுபிசுன்னு ஒட்டுது, நிக்கவே மாட்டேங்குது" என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் கை கூடவே போனது, குரலும் மாறியது.

இதையெல்லாம் சொல்லும் பொருளுமாக அச்சடித்து ஊர் நூலகத்தில் வைக்க நினைத்தேன். 'வெடவெட – குளிரால் நடுங்குதல்' என்று எழுதியிருந்ததை அவரிடம் படித்துக் காட்டினால், "காய்ச்சலுக்கும் வருமே, பயத்துக்கும் வருமே" என்கிறார். அவர் சொல்வதுதான் சரி. வேறு எப்படிக் கொடுக்கலாம்?

பதில் – கூடலூர் தமிழாசிரியை

பட்டியல் வேண்டாம். தொல்காப்பியம் உரிச்சொல்லைப் பற்றிப் பேசும்போது 'இசையினும் குறிப்பினும் பண்பினும் தோன்றி' என்கிறது. காதால் கேட்பது, மனதில் படுவது, பொருளின் தன்மை. உங்கள் சொற்களுக்கு இந்த மூன்றும் நல்ல கதவுகள். பிள்ளைகளிடம் ஒரு துணிப்பைக்குள் ஈரப்பாசி, பலாத்தோல், தைலமரப் பட்டை எல்லாம் போட்டுக் கையை விடச் சொல்லுங்கள், சொல் தானாக வாயில் வரும். நான் வகுப்பில் செய்து பார்த்திருக்கிறேன், ஒரே பாசிக்கு ஒருவன் 'வழவழ', ஒருத்தி 'கொழகொழ' என்று சண்டை போட்டார்கள், அன்றைக்கு நடத்திய பாடம் அந்தச் சண்டைதான். இன்னொன்று, 'டக்' என்றால் ஒருமுறை, 'டகடக' என்றால் நிற்காமல். 'சட்டென்று' ஒரே நொடியில் முடியும், 'சடசட' என்று பெய்யும் மழை முடியாது. இந்த ஒழுங்கைச் சொன்னால் பெரியவர்களும் உட்கார்ந்து கேட்பார்கள்.

பதில் – வாடின இலை

நான் தேயிலை ஆலையில் இலை வாட்டும் பிரிவில் வேலை செய்தவன். பழைய ஆட்கள் ஒரு பிடி இலையை அமுக்கிப் பார்த்துத்தான் சொல்வார்கள், 'மொடமொட' என்றால் இன்னும் வாடவில்லை, 'மெத்'தென்று இருந்தால் அடுத்த வேலைக்கு அனுப்பலாம். காம்பு மடிக்கும்போது ஒடியக் கூடாது. எனக்கு இதை யாரும் விளக்கிச் சொல்லித் தரவில்லை, கையில் இலையை வைத்து அந்தச் சொல்லைச் சொன்னார்கள், பிடிபட்டது. அதனால் கொழுந்து பறிப்பது முதல் தூள் வரைக்கும் வேலை வரிசையிலேயே குரலைப் போட்டுக் காட்டுங்கள்.

பதில் – கொடைக்கானல்காரன்

இரண்டு விஷயம். ஆய்வுக்குக் குரல் கொடுத்தார்கள் என்பதால் எல்லோரும் கேட்கும்படி போட அனுமதி கொடுத்ததாக ஆகாது. மறுபடி போய், எங்கே, யார் கேட்பார்கள் என்று சொல்லிக் கேளுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள்.

அடுத்தது, 'தமிழுக்கு மட்டுமே உள்ள வளம்' என்று தலைப்புப் போடாதீர்கள், பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், எனக்கு அது வருத்தம். நீங்கள் இருக்கும் மலையிலேயே தோடர், கோத்தர், படுகர், இருளர், குறும்பர் பேசும் மொழிகள் இருக்கின்றன. எமனோ என்ற மொழியியலாளர் 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கித் தோடா, கோத்தா மொழிகளைப் பதிவு செய்தவர். 1969-ல் எழுதிய கட்டுரையில் இத்தகைய சொற்கள் திராவிட மொழிகளுக்கும் இந்தி போன்ற இந்தோ-ஆரிய மொழிகளுக்கும் பொதுவாகப் பரவியிருப்பதைக் காட்டினார். நம் 'கமகம' கன்னடத்தில் 'கமகம'தான், தெலுங்கில் 'குமகும'. பக்கத்து வீட்டுக்காரரும் வந்து தன் சொல்லைச் சொல்ல இடம் வையுங்கள்.

மலைச்சொல்

மூன்று பேருக்கும் நன்றி. அச்சடிப்பதை நிறுத்திவிட்டேன். இலை எடை போடும் கொட்டகையில், சாயந்திரம் எல்லோரும் கூடையோடு காத்திருக்கும் நேரத்தில், அட்டைக் கதையை அவர்கள் குரலிலேயே போடலாம் என்றிருக்கிறேன். துணிப்பையும் உண்டு. சனிக்கிழமை அந்த அக்கா வீட்டுக்குப் போகிறேன், அவர் சரி என்றால்தான் மற்றதெல்லாம்.