பாஸ்ட்னசைட்டைப் பிரிக்கப் புங்க எண்ணெய்ச் சோப்பு போதுமா?

கேள்வி:
வணக்கம். நான் கனிமப் பொறியியல் முதுநிலை மாணவன். சீரியம், லாந்தனம் போன்ற அருமண் தனிமங்கள் அடங்கிய பாஸ்ட்னசைட் கனிமத்தை, அதனுடன் கலந்துள்ள கால்சைட் (கால்சியம் கார்பனேட்), பேரைட் (பேரியம் சல்பேட்) ஆகியவற்றிலிருந்து நுரை மிதப்பு முறையில், அதாவது வேண்டிய துகள்களைக் காற்றுக்குமிழிகளில் ஒட்டவைத்து மேலே எழச் செய்து, பிரிக்க முயல்கிறேன். துகளைக் குமிழியில் ஒட்டச் செய்யும் வேதிப்பொருளான சேகரிப்பான் சூழலுக்குத் தீங்கற்றதாக இருக்க வேண்டும் என்பதற்காகப் புங்க எண்ணெயைச் சோப்பாக்கிப் பயன்படுத்தினேன். நுரை நன்றாகவே எழுகிறது. ஆனால் கால்சைட்டும் சேர்ந்தே மேலே வந்துவிடுகிறது. சேகரிப்பானை மாற்றுவதா, வேறு பொருள் சேர்ப்பதா?

மறுமொழி 1:
புங்க எண்ணெயில் மிகுந்திருப்பது ஓலியிக் அமிலம். அதன் சோப்பு சீரியத்தைப் போலவே கால்சியத்தையும் பற்றிக்கொள்ளும் என்பதால், தாங்கள் கண்ட விளைவு இயல்பானதே. கலிபோர்னியாவின் மவுண்டன் பாஸ் அருமண் தாது ஆலையிலும் இதே சிக்கல் இருந்தது. அங்கே சேகரிப்பானாகப் பயன்பட்டது பைன் மரக்கூழ் ஆலைகளில் துணைப்பொருளாகக் கிடைக்கும் டால் எண்ணெய். அதாவது அதுவும் தாவரத்திலிருந்து வந்ததுதான். ஆயினும் கால்சைட்டையும் பேரைட்டையும் மிதக்கவிடாமல் கீழே நிறுத்துவதற்குச் சோடா சாம்பல் (சோடியம் கார்பனேட்), லிக்னின் சல்போனேட் ஆகியவற்றோடு நச்சுத்தன்மையுள்ள சோடியம் புளோரோசிலிகேட்டையும் சேர்த்து, தாதுக் குழம்பை நீராவியால் கொதிநிலையை நெருங்கும் வரை சூடேற்ற வேண்டியிருந்தது. அவ்வாறுதான் 7 முதல் 8 விழுக்காடு அருமண் ஆக்சைடு கொண்ட தாதுவை 60 விழுக்காடு அளவுக்கு உயர்த்தினார்கள். ஆகவே சேகரிப்பானின் பிறப்பிடத்தை மட்டும் பார்க்காமல், அதற்குத் துணையாகச் செலவாகும் வெப்பத்தையும் புளோரைடையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். லிக்னின் சல்போனேட்டை மட்டும் வைத்துக்கொண்டு, பிஎச் அளவு 9 அருகே, வெப்பநிலையைப் படிப்படியாக உயர்த்திச் சோதிப்பது நல்ல தொடக்கமாக இருக்கும்.

மறுமொழி 2:
நானாக இருந்தால் சேகரிப்பானையே மாற்றுவேன். ஹைட்ராக்சாமிக் அமிலங்கள் தம் இரண்டு ஆக்சிஜன் அணுக்களால் உலோக அயனியைக் கொடுக்குபோல் கவ்வுகின்றன. இவ்வகையைச் சேர்ந்த அசிட்டோஹைட்ராக்சாமிக் அமிலத்தின் முதல் நிலைப்பு மாறிலியின் (பிணைப்பு எவ்வளவு உறுதியானது என்பதன் அளவு) மடக்கை கால்சியத்துக்கு 2.4, லாந்தனத்துக்கு 5.2; அருமண் கனிமங்களை இவ்வமிலங்கள் தேர்ந்தெடுப்பதன் காரணம் இந்த இடைவெளியில் இருக்கிறது. சீனாவின் பையுன் ஓபோ அருமண் சுரங்கத்தில் இவ்வகைச் சேகரிப்பான்கள் ஆலை அளவிலேயே பயன்படுகின்றன. ஆனால் ஃபெரிக் இரும்புக்கு அந்த மடக்கை 11.4 என்பதால், தங்கள் தாதுவில் ஹெமடைட் என்ற இரும்பு ஆக்சைடு இருந்தால் அதை முன்னரே நீக்கியாக வேண்டும். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: இவற்றைத் தயாரிக்கத் தேவைப்படும் ஹைட்ராக்சிலமீன், நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. சேகரிப்பான் நீரில் சிதையும்போதும் அது மீண்டும் வெளிப்படலாம் என்பதால், கழிவுநீரைச் சோதிக்காமல் இதைப் பசுமையானது என்று ஆய்வேட்டில் எழுதிவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. தாதுவில் இரும்பு மிகக் குறைவு. நான் ஆழ்துளைக் கிணற்று நீரைத்தான் பயன்படுத்தினேன். அதுவும் காரணமாக இருக்குமா?

மறுமொழி 1:
நிச்சயமாக. கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் தாதுவைத் தொடுவதற்கு முன்பே சோப்பை வீழ்படிவாக்கிவிடும். முதலில் வாலைவடிநீரில் ஒப்பீட்டுச் சோதனை செய்யுங்கள்; பிறகு கிணற்று நீரில் சோடா சாம்பலை முன்கூட்டியே கலந்து, கால்சியத்தைப் படியவைத்துவிட்டுப் பாருங்கள்.

மறுமொழி 3:
வேதிப்பொருளின் அளவையே குறைக்க ஒரு வழி உண்டு. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற அருமண் கனிமம் தனித்த மணிகளாகவே கிடைப்பதால், அடர்த்தி, காந்தம், மின்னேற்றம் ஆகியவற்றின் வேறுபாட்டைக் கொண்டே அதைப் பிரிக்கிறார்கள். பாறைத் தாதுவில் அது முழுமையாகக் கைகூடாது. எனினும் பாஸ்ட்னசைட்டின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 5, கால்சைட்டினுடையது 2.7. அரைத்த தாதுவில் மணிகள் பிரிந்திருந்தால், அடர்த்தி வேறுபாட்டால் துகள்களைப் பிரிக்கும் அதிர்வு மேசையிலேயே கால்சைட்டில் ஒரு பெரும்பகுதியை ஒதுக்கிவிடலாம். பேரைட்டின் ஒப்படர்த்தி 4.5 என்பதால் அது மேசையில் பிரியாது. பாஸ்ட்னசைட்டுக்கு மட்டும் மெல்லிய காந்த ஈர்ப்பு உண்டு என்பதால், அங்கே உயர்செறிவுக் காந்தப் பிரிப்பானை முயன்று பாருங்கள். எஞ்சிய நுண்துகளுக்கு மட்டும் நுரை மிதப்பை வைத்துக்கொள்ளலாம்.