எழுவான்கரையில் கமராவோடு நின்ற காலைகள்

கல்லடியிலிருந்து ஓர் உறுப்பினர்:

மட்டக்களப்பில் கரைகளுக்குப் பெயர் வைத்தவர்கள் சூரியனைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். வாவிக்கும் கடலுக்கும் இடையில் நீளுகிற பக்கம் எழுவான்கரை. வாவிக்கு அந்தப் பக்கம், வயலும் குளமுமாகக் கிடப்பது படுவான்கரை. படம் எடுக்கிறவனுக்கு இந்த இரண்டு பெயரும் போதும். காலையில் கடற்கரை, பின்னேரம் வாவிக்கரை. கல்லடியில் குடியிருக்கிற எனக்கு இரண்டுமே சைக்கிளில் போகிற தூரம்தான். பன்னிரண்டு வருடமாக என்னுடைய ஞாயிற்றுக்கிழமைகள் பெரும்பாலும் காலை ஐந்தரைக்கே தொடங்கிவிடுகின்றன.

நம்முடைய இந்தப் படம் எடுக்கிறவர்கள் குழுவில் பலர் கடலில் சூரியன் எழுகிற படங்களைப் போடுகிறீர்கள். அழகாகத்தான் இருக்கின்றன. நான் எழுத வந்தது அந்தப் படங்களில் கறுப்பு நிழலாக நிற்கிற ஆட்களைப் பற்றி.

சித்திரை பிறந்து கடல் அடங்கினால், கரையில் நின்று கயிற்றால் இழுக்கிற கரைவலை தொடங்கிவிடும். கயிறு இழுக்கிறவர்கள் எல்லாரும் கடலைப் பார்த்தபடி, பின்னுக்கு நடந்து நடந்து இழுப்பார்கள். சூரியன் கடலுக்கு மேலே நிற்கிறது. வெளிச்சம் முழுக்க அவர்களுடைய முகத்தில் விழுகிறது. கரையில் நின்று எடுக்கிற நமக்குக் கிடைப்பது முதுகு மட்டும். இது எனக்குப் பிடிபட ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. பிடிபட்ட அன்றைக்கே முழங்கால் தண்ணீரில் இறங்கி இரண்டு கயிறுகளுக்கும் நடுவில் போய் நின்றேன். வலை கிட்ட வந்துகொண்டிருந்தது. கரையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"தம்பி! மடி வாற நேரம் வலைக்குள்ள நிக்காத! மீன் கலையும்!"

மடி என்றால் மீன் சேருகிற வலையின் நுனிப் பை. அன்றைக்கு அதில் வந்தது சூடை மீனும் கொஞ்சம் கணவாயும்தான். முப்பது பேர் பிரித்து எடுக்கவேண்டிய மீன். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை, ஆனால் எனக்குத் தொண்டை அடைத்தது. சத்தம் போட்ட பெரியவரே பிறகு பக்கத்தில் வந்தார். "வடக்குக் கயித்துக்கு அங்கால போய் நில்லு. எங்கட முகத்தில வெயிலும் படும், வலைக்கும் இடைஞ்சல் இல்ல" என்றார். நாற்பது வருடமாக அந்த வெயிலுக்கு முகம் கொடுத்து நின்றவர் அவர். இன்றைக்கு வரைக்கும் நான் கரைவலைப் படம் எடுப்பது அவர் காட்டிய இடத்தில் நின்றுதான். அப்போதெல்லாம் அம்பா என்கிற வலை இழுக்கிற பாட்டைப் பாடி இழுப்பார்கள். இப்போது உழவு இயந்திரத்தில் கயிற்றைக் கட்டி இழுக்கிற இடங்களும் உண்டு. அங்கே இயந்திரச் சத்தம் மட்டும்தான். அம்பா கேட்கிற காலைகளில் நான் படம் எடுப்பது குறைவு, கேட்டுக்கொண்டே நின்றுவிடுவேன்.

இனி நான் சொல்லவேண்டிய விஷயம்.

நாவலடிக் கடற்கரையில் ஒரு வாடி, மீன்பிடிக்கிறவர்கள் தங்குகிற கொட்டில். 2004 சுனாமிக்குப் பிறகு அந்த ஊர்ச் சனங்களைத் திராய்மடுவில் குடியேற்றினார்கள். கடல் வேலைக்கு மட்டும் இங்கே வந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி வருகிற ஓர் அம்மா வலை விரித்து அதன்மேல் நெத்தலி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கேட்டேன், தலையாட்டினார், எடுத்தேன். அடுத்த மாதம் ஒரு பிரதி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அது நான் எப்போதும் செய்கிறதுதான். வாங்கிப் பார்த்தவர் தன்னுடைய முகத்தைப் பார்க்கவேயில்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், விரலால் தடவினார். பிறகு கேட்டார்:

"சின்னப் படத்தை இந்தளவு பெரிசாக்க ஏலுமா மனே?"

மடியில் முடிந்திருந்த பொலித்தீன் பையிலிருந்து ஓர் அடையாள அட்டையை எடுத்தார். பழைய லெமினேட் பண்ணின அட்டை, கறுப்பு வெள்ளைப் படம், முத்திரை அளவு. கணவர். சுனாமி வந்தது ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி நாள். அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, வங்கி அலுவலுக்குப் போட்டோப் பிரதி எடுக்கச் சொல்லி அட்டையை மருமகனிடம் கொடுத்திருந்தாராம். திங்கட்கிழமை எடுத்துத் தருவதாகப் பேச்சு. கல்யாணப் படம், பிள்ளைகளின் படம், ஆளோடு சேர்த்து எல்லாவற்றையும் கடல் கொண்டுபோய்விட்டது. மருமகன் தூரத்தில் இருந்ததால் அந்த அட்டை மட்டும் மிஞ்சியது.

அந்த அட்டையைப் படம் பிடிக்க எனக்கு ஒரு மணித்தியாலம் எடுத்தது. ஃபிளாஷ் போட்டால் மேல் பிளாஸ்டிக் மினுங்கி முகம் மறைந்துவிடும். வாடிக்குள்ளே கிடுகு இடுக்கால் வெயில் கோடு கோடாக விழுந்தது. கடைசியில் வாடியின் வடக்குப் பக்கம், நிழலில், ஒரு கறுப்புக் குடையை விரித்து அதன்மேல் அட்டையை வைத்து, நேர் மேலிருந்து எடுத்தேன். எடுத்து முடியும்வரை அவர் குடைக்கம்பியைப் பிடித்தபடி குந்தியிருந்தார். முகத்துக்குக் குறுக்கே ஒரு மடிப்பு இருந்தது. அதை மட்டும் டவுணில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்துத் திருத்தினேன். அந்தத் தம்பி நல்ல மனதோடு கேட்டார், கோட்டும் டையும் போட்டு விடவா, வலப்பக்கக் கன்னம் உப்பினமாதிரி இருக்கிறது, சரிபண்ணவா என்று. ஃபோனில் அம்மாவிடம் கேட்டேன்.

"கோட்டு வேணாம், அவர் போட்டதே இல்ல. கன்னத்தில இருக்கிறது வெத்தில. அதில கை வைக்க வேணாமெண்டு சொல்லு."

அந்தக் கரையில் நான் ஆயிரக்கணக்கில் படம் எடுத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் உயர்ந்ததாக நான் நினைப்பது இந்தப் படத்தைத்தான், அது நான் எடுத்த படமே இல்லை என்றாலும். படம் எடுத்தால் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுங்கள். ஃபோனில் அனுப்பினேன் என்பது போதாது. கையில் பிடிக்கிற தாளாகக் கொடுங்கள். அந்தத் தாள் எங்கள் கரையில் என்ன பெறுமதி என்று கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

சாய்ந்தமருதிலிருந்து:

மேலே எழுதியவரின் அனுபவத்தை வாசித்துவிட்டு நேற்றிரவு நித்திரை வரவில்லை. எங்கள் கரையும் அன்றைக்கு அப்படித்தான் அழிந்தது. என் உம்மாவின் கல்யாணப் படமும் இல்லை.

நான் செய்த ஒரு பிழையைச் சொல்கிறேன். காலை மீன் ஏலம் நடக்கிற இடத்தில் ஒரு காக்கா (எங்கள் பக்கம் அண்ணனை அப்படித்தான் அழைப்போம்) பெரிய பாரை மீனைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தபடி வந்தார். அவரும் எடுக்கச் சொன்னார், நானும் எடுத்தேன். அன்றைக்கே ஃபேஸ்புக்கில் போட்டேன். நிறையப் பேர் பகிர்ந்தார்கள். நாலு நாளைக்குப் பிறகு கண்டபோது அவர் முகம் சரியில்லை. ஒருவரிடம் வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்கவேண்டியிருந்திருக்கிறது. அந்தக் கிழமை முழுக்கக் கடலுக்குப் போகவில்லை, தவணை தாங்க என்று அவரிடம் சொல்லியிருக்கிறார். கடன் கொடுத்தவர் என் படத்தைப் பார்த்துவிட்டு வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

நான் உடனே படத்தை எடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "படம் நல்லாத்தான் இரிக்கி தம்பி. நாள்தான் பிழைச்சிப் போயிட்டு" என்றார். எனக்கு அது திட்டியதைவிடக் கஷ்டமாக இருந்தது. எடுக்கச் சொன்னவர் போடச் சொல்லவில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. இப்போது எடுக்க ஒரு தரம் கேட்பேன், போட இன்னொரு தரம் கேட்பேன். கேட்டாலும் ஒரு மாதம் கழித்துத்தான் போடுவேன்.

இன்னொன்று. யுத்த காலத்தில் கமராப் பையோடு போனாலே சோதனைச் சாவடியில் இறக்கி விசாரித்த ஊர்கள் இவை. 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு சில மாதங்கள் எங்கள் பக்கம் கமராவைக் கையில் எடுக்கவே கூச்சமாக இருந்தது. வயதானவர்கள் "எங்க குடுக்கப் போறீங்க?" என்று கேட்டால் எரிச்சல்படாமல் நின்று பதில் சொல்லுங்கள். அவர்கள் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது.

வாழைச்சேனையிலிருந்து:

சுருக்கமாக எழுதுகிறேன். 2022 ஆகஸ்டில், படகுக்கு ஊற்றுகிற மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. அதற்கு முந்திய மாதங்களில் காசு கொடுத்தாலும் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டுப் படகும் கரையில்தான் கிடந்தது. நான் அந்தக் காலத்தில் வெறும் ஃபோனால் எடுத்து வைத்ததெல்லாம் கவிழ்த்துப் போட்ட படகுகள், வரிசையில் வைத்த கேன்கள், பகலில் மர நிழலில் படுத்திருந்த ஆம்பிளைகள். அழகுக்காக எடுக்கவில்லை. எங்கள் அண்ணன்தான் சொன்னார், "இதையும் எடுத்து வை, நாளைக்கு ஒருத்தரும் நம்பமாட்டாங்க" என்று.

திருக்கோவில் பக்கமிருந்து:

நான் பெண். அதனால் கடற்கரையில் இறங்கினால் எனக்குக் கிடைக்கிற பார்வை வேறு, வீட்டு வளவுகளுக்குள் கிடைக்கிற வரவேற்பும் வேறு. மீன்காரர் ரெஜிபோம் (வெள்ளை நுரை) பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளில் ஹோன் அடித்துக்கொண்டு வருகிற நேரம், ஒழுங்கையில் சட்டியோடு பெண்கள் கூடுவார்கள். பூனைகள் அதற்கு முன்னமே வந்துவிடும். எனக்குப் பிடித்த நேரம் அதுதான்.

ஒருநாள் கருவாடு போடுகிற மூன்று அக்காமாரை எடுக்க ஆசைப்பட்டுக் கேட்டேன். வேலை செய்துகொண்டிருக்கிறபடியே, செதில் ஒட்டிய கையோடு எடுக்கவேண்டும் என்று மனதில் ஒரு படம் வைத்திருந்தேன். "கொஞ்சம் பொறுங்க தங்கச்சி" என்று சொல்லிவிட்டு மூன்று பேரும் உள்ளே போனார்கள். முக்கால் மணித்தியாலம். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது, முகத்தில் நிழல் விழுகிற நேரம். வெளியே வந்தார்கள். கூறைச் சேலை போன்ற சேலை, பவுடர், தலையில் பூ. கருவாட்டுப் பாய்க்கு முன்னால் தோளோடு தோள் சேர்த்து, சிரிக்காமல், நேராக நின்றார்கள்.

உண்மையைச் சொன்னால் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். ஆறு மாதம் கழித்துப் போனபோது மூன்று வீட்டிலும் அந்தப் படம் சட்டம் போட்டுச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. ஒரு அக்கா சொன்னார், கல்யாணத்துக்குப் பிறகு சேலை கட்டி நின்று எடுத்த முதல் படம் அதுதான் என்று. நான் அவர்களுடைய அன்றாடத்தைத் தேடிப் போயிருந்தேன். செதில் கையை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள், அதைச் சுவரில் மாட்ட அவர்களுக்கு ஒரு தேவையும் இல்லை. இப்போது யாரை எடுத்தாலும் முதல் படம் அவர்கள் விரும்புகிறபடி. இரண்டாவது எனக்காக, அவர்கள் சம்மதித்தால்.

மீண்டும் கல்லடியிலிருந்து:

சாய்ந்தமருதுத் தம்பி, எடுக்க ஒன்று போட ஒன்று என்று இரண்டு தரம் கேட்கிற உங்கள் வழக்கத்தை நானும் எடுத்துக்கொள்கிறேன்.

உப்புக் காற்றைப் பற்றித் தனியாகக் கேட்டவர்களுக்கு: வீட்டுக்கு வந்தவுடன் லென்ஸை உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், உப்பும் மணலும் கண்ணாடியைக் கீறும். முதலில் காற்றடித்து மணலை விழுத்துங்கள். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்து இறுக்கப் பிழிந்த துணியால் கமராவின் வெளிப்புறத்தைத் துடையுங்கள். ஏசி அறையில் வைத்த கமராவைக் கடற்கரையில் எடுத்தால் கண்ணாடியில் பனி பிடிக்கும். அரை மணித்தியாலம் முன்னமே பையோடு வெளியில் வைத்துவிடுங்கள். வாவியில் வீச்சுவலை விரிகிற கணத்தை உறையவைக்க ஷட்டர் வேகம் ஆயிரத்தில் ஒரு விநாடியாவது வேண்டும். கமரா எது என்பது எனக்கு முக்கியமில்லை, நான் வைத்திருப்பது பழையது.

சரி, இப்போது எனக்கு உங்கள் உதவி வேண்டும். போன ஞாயிறு நாவலடிக்குப் போனபோது அந்த அம்மா இன்னோர் அம்மாவைக் கூட்டிவந்திருந்தார். அவரிடம் அடையாள அட்டையும் இல்லை. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் எடுத்த ஒரு கூட்டப் படம் மட்டும் இருக்கிறது. பின்வரிசையில், யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால் மகன் நிற்கிறான். ஒரு கண், பாதி வாய், நெற்றி தெரிகிறது. எட்டு வயது. பார்க்கிறேன் என்று சொல்லி வாங்கிவந்து மேசையில் வைத்திருக்கிறேன். இப்போதைய கணினிச் செயலிகளில் கொடுத்தால் மற்றப் பாதியைத் தானாக வரைந்து தந்துவிடும். முழு முகம் வரும், ஆனால் அந்தப் பாதி அவனுடையதாக இருக்காது. பழைய படங்களைத் திருத்துகிற வேலை செய்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அந்த அம்மாவிடம் முழு முகத்தைக் கொடுப்பதா, பாதி முகத்தைப் பெரிதாக்கிக் கொடுப்பதா? வருகிற ஞாயிறு வருவேன் என்று சொல்லியிருக்கிறேன்.