தாதிய மாணவியரின் ஆங்கிலப் பேச்சு: நேரிலும் இணையவழியிலும் ஒரே அளவுகோல் பொருந்துமா?

கேள்வி (ஆங்கிலப் போதனாசிரியர், ஹட்டன்)

வணக்கம். தாதியக் கற்கையின் இரண்டாம் ஆண்டு மாணவியருக்கு ஆங்கில வாய்மொழிப் பரீட்சை நடத்தினேன். சிலரை வகுப்பறையிலும், மண்சரிவு எச்சரிக்கையால் வர இயலாதவர்களைச் சூம் வழியாகவும் பரீட்சித்தேன். இணையவழியில் பேசியவர்களுக்குச் சரளம் என்ற பிரிவில் நானே குறைவாகப் புள்ளியிட்டிருப்பதைப் பின்னரே கண்டேன். தோட்டத்து லயன் வீட்டுத் தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்ததால் ஒரு பிள்ளை என் கேள்வியை இரண்டு முறை திரும்பக் கேட்டாள். அதைத் தயக்கம் என்று குறித்துவிட்டேன். இரு சாராரையும் நியாயமாக ஒப்பிடுவது எப்படி?

பதில் 1 (தாதிய விரிவுரையாளர், கண்டி)

வைத்தியர், தாதியர் முதலான சுகாதாரத் துறையினருக்கான ஆங்கிலப் பரீட்சையாகிய ஓ.ஈ.டி.யின் முறை உங்களுக்கு உதவும். அதன் பேச்சுப் பகுதி ஏறக்குறைய 20 நிமிடம். பரீட்சார்த்தி தாதியாகவும், எதிரிலிருப்பவர் நோயாளியாகவோ உறவினராகவோ இருந்து இரண்டு உரையாடல்கள் நடைபெறும். ஒவ்வொன்றுக்கும் முன்னர் அட்டையை வாசிக்க 3 நிமிடமும், பேச 5 நிமிடமும் உண்டு. நோயாளியாகப் பேசுபவர் புள்ளியிடுவதில்லை. ஒலிப்பதிவைக் கேட்டு வேறு மதிப்பீட்டாளர்களே இடுகிறார்கள். நீங்களும் வகுப்பறையில் மேசைமேல் ஒரு கைபேசியை வைத்துப் பதிவுசெய்தால், இரு சாராரையும் குரலை மட்டும் கேட்டு மதிப்பிடலாம்.

திரும்பக் கேட்டதற்காகப் புள்ளியைக் குறைக்கவே வேண்டாம். ஆங்கிலத்தில் 15, 50 என்னும் எண்கள் காதுக்கு ஒன்றுபோலவே விழும். வைத்தியர் தொலைபேசியில் சொன்ன மருந்தளவை "பதினைந்தா, ஐம்பதா?" என்று உறுதிசெய்துகொள்ளும் தாதியே நமக்கு வேண்டும்.

பதில் 2 (ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர், நுவரெலியா)

குரலை மட்டும் கேட்டால் போதும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாளா, அவர் விளங்காமல் தலையாட்டுவதைக் கண்டு எளிய சொல்லுக்கு மாறுகிறாளா என்பதெல்லாம் கட்டிலருகே நின்று பார்த்தால்தான் தெரியும். ஆகவே வேலையையே இரண்டாகப் பிரியுங்கள். தான் யார், நோயாளியின் இப்போதைய நிலை, பின்னணி, தன் கணிப்பு, வேண்டும் உதவி என்ற வரிசையில் வைத்தியருக்குத் தொலைபேசியில் அறிவிப்பதை இணையவழியில் பரீட்சிக்கலாம். உண்மையிலும் அங்கே முகம் தெரியாது. நோயாளியுடனான உரையாடலை நேரில் மட்டும் வையுங்கள்.

இன்னொன்று. நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும், விடுதியில் பெரும்பாலும் சிங்களமும் பேசிவிட்டு ஆங்கிலத்துக்கு வருகிறார்கள். உச்சரிப்பில் தமிழ் வாடை வீசுவது குற்றமன்று. கேட்பவருக்குப் பொருள் மாறிப்போனால் மட்டும் புள்ளியைக் குறையுங்கள்.

கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் மிக்க நன்றி. வகுப்பறைப் பரீட்சையை நான் பதிவுசெய்யாததால் பழைய புள்ளிகளை ஒப்பிட வழியில்லை. அவற்றை இறுதிக் கணக்கில் சேர்க்கப் போவதில்லை. அடுத்த மாதம் நுவரெலியா அம்மா சொன்னவாறே பிரித்து, எல்லோருக்கும் இரண்டையும் வைக்கிறேன். மழைச் சத்தமும் இணைப்புத் தடையும் குறுக்கிடாதிருக்க, தொலைபேசிப் பகுதியையும் கல்லூரியின் தனி அறையொன்றிலிருந்தே பேச ஏற்பாடு செய்வேன். அந்தப் பிள்ளையிடம் நான் தவறாகக் குறித்ததை நாளையே சொல்லிவிடுகிறேன்.