டெமி, கிரே, ஏகோ (பாலீர்ப்பே இல்லாத ஏசெக்சுவலுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள்): சொன்னபோது கிடைத்த, இன்னும் மறக்காத பதில்

உவர்மலைக்காரி:
போன ஆவணியில் நடந்தது. கனடா மாப்பிள்ளை. சாதகம் பொருந்தி, 'இருவரும் கொஞ்சம் பேசிக்கொள்ளட்டும்' என்று திருகோணமலை டச்சுக் குடாக் கரைக்கு அனுப்பினார்கள். சின்னம்மாவின் மகன் சற்றுத் தள்ளிக் காவல். மறைத்து வைத்துக் கட்டக் கூடாது என்று நேராகவே சொன்னேன்: நான் டெமிசெக்சுவல், ஒருவரோடு மனம் நன்றாக ஒட்டிய பிறகுதான் எனக்குப் பாலீர்ப்பே வரும், வராமலும் போகலாம். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இதைத்தான் அம்மா குடும்பப் பெண் என்பார். கனடாவில் இப்படி ஒருத்தி கிடைப்பாளா?" அந்த நேரம் பார்த்து மான் ஒன்று வந்து அவர் கையிலிருந்த கச்சானைத் தாளோடு கவ்வியது. அதைத் துரத்தக்கூடத் தோன்றவில்லை, அத்தனை சந்தோசம் அவருக்கு. திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன். பாராட்டுக்கு என்ன சொல்வது?

மூதூர்ப் படகு:
நான் கிரே. பிள்ளை பிறந்த பிறகுதான் அந்தச் சொல்லே கண்ணில் பட்டது. ஒரு போயா நாள், மனைவி குசினியில் நெத்தலி ஆய்ந்துகொண்டிருந்தாள். எனக்கு எப்போதாவதுதான் ஈர்ப்பு வரும், அதற்கு நீ காரணம் இல்லை என்றேன். தலையைத் தூக்காமலே கேட்டாள்: "அந்த எப்போதாவதில் யாரை நினைத்தீர்கள்?" அவளைத்தான். ஆனால் பதில் சொல்ல ஒரு விநாடி பிந்திவிட்டது. அதை இன்றும் சொல்லிக்காட்டுகிறாள். முழுப் பூச்சியம் என்றால் எல்லோருக்கும் விளங்குகிறது. பூச்சியத்துக்குப் பக்கத்தில் நிற்பவனைத்தான் யாரும் நம்புவதில்லை.

சீனக்குடா ஐயா:
அண்ணன் மகன் 34 வயதில் தன்னை ஏசெக்சுவல் என்கிறான். என் அனுபவம் அவ்வளவே. மூதூர்த் தம்பி, முதலில் தைரொய்டு, டெஸ்டொஸ்டிரோன், சீனி மூன்றையும் பரிசோதியுங்கள். இரவு வேலையானால் விட்டுவிடுங்கள். வாரத்தில் இரண்டு நாள் முருங்கையிலை. விடிய எழும்பிக் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போய் ஏழு கிணற்றிலும் அள்ளி ஊற்றுங்கள், நரம்புக்கு நல்லது. கைப்பேசியைக் கட்டிலுக்குக் கொண்டுபோகாதீர்கள். மனைவியோடு ஒரு கிழமை நுவரெலியா போய் வாருங்கள். உவர்மலைப் பிள்ளைக்கும் சொல்கிறேன், மாப்பிள்ளை சொன்னது சரிதான். எங்கள் காலத்தில் எல்லோரும் கட்டிய பிறகுதான் பழகினோம். அப்படியானால் நாங்களெல்லாம் டெமியா?

நிலாவெளி அக்கா:
ஐயா, அடக்குவதற்கு முதலில் ஆசை இருக்க வேண்டும். நீங்கள் கட்டும்வரை பொறுத்தீர்கள். அவளுக்குப் பொறுக்க ஒன்றுமே இல்லை. 2001 இல் டேவிட் ஜே ஏசெக்சுவல் ஆட்களுக்காகத் தொடங்கிய ஏவென் இணையத்தளத்தில் 2006 இல் பிறந்த பெயர் டெமி. கற்புக்குச் சான்றிதழ் கொடுக்க யாரும் அதை உண்டாக்கவில்லை. இருந்த ஆசை திடீரென்று போனால் வைத்தியரிடம் போகலாம். காலம் முழுவதும் இப்படியே இருப்பவர் தம்மை ஏசெக்சுவல் என்றால், அதை ஆசைக் குறைவு நோய் என்று எழுதக் கூடாது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு 2013 இலேயே அப்படிச் சொல்லிவிட்டது.

என் கதை: நான் ஏகோ, அதாவது ஏகோசெக்சுவல். காதல் நாவல்களை விடிய விடிய வாசிப்பேன், சூடான பக்கங்கள் உட்பட. அதற்குள் என்னை வைத்து நினைத்தால் மட்டும் புத்தகம் மூடிவிடும். கொழும்பு இரவு ரயிலில் தோழியிடம் இதைச் சொன்னேன். கல்லோயாச் சந்தியில் ரயில் நின்றதும், நான் மடித்து வைத்திருந்த பக்கத்தை விரித்து, பெட்டி முழுவதற்கும் கேட்க வாசித்தாள். "இதை மடித்து வைத்தவளுக்கா ஆசை இல்லை?" எதிரே இருந்த அம்மா தன் மகளின் காதைப் பொத்தினார்.

உவர்மலைக்காரி:
தனிச்செய்தியில் கேட்பவர்களுக்கு: வேண்டாம் என்றுவிட்டேன். 'எவ்வளவு அடக்கமான பிள்ளை, வெட்கத்தில் மறுக்கிறாள்' என்று அவருடைய தாயார் இன்னும் தொலைபேசி எடுக்கிறார்.

சீனக்குடா ஐயா:
அந்த ஐந்தாம் பதிப்பு தமிழில் கிடைக்குமா? அண்ணிக்குக் காட்ட வேண்டும். இருந்தாலும் சீனி பார்ப்பதில் பிழையில்லை.