அம்பு எப்போதும் இடப்பக்கமே போகிறது, வாலும் ஆடுகிறது: உதவி தேவை

புதுநாண்:
வணக்கம். ரிகர்வ் வில் (நுனிகள் முன்பக்கம் வளைந்த வில்) வாங்கி எய்யத் தொடங்கியிருக்கிறேன். எவ்வளவு நிதானமாக எய்தாலும் அம்பு நடுவுக்கு இடப்பக்கம்தான் குத்துகிறது. பறக்கும்போது வால் ஆடுகிறது, இலக்கிலும் சாய்ந்து நிற்கிறது. போதாததற்கு நாண் கையில் அடித்து முன்கை கன்றிவிட்டது. எங்கே கோளாறு? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

மரவில்:
எந்தக் கையால் நாணை இழுக்கிறீர்கள்? வில்லின் இழுவிசை எத்தனை பவுண்டு? என்ன அம்பு? இடப்பக்கம் போவது வலக்கைக்காரருக்கு ஒரு பொருள், இடக்கைக்காரருக்கு நேர் எதிர்ப்பொருள். இவற்றைச் சொன்னால்தான் மேலே பேச முடியும்.

இருகண்:
நான் முதலில் கண்ணைத்தான் பார்ப்பேன். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளங்கைகளைச் சேர்த்து நடுவே சின்ன இடைவெளி விடுங்கள். அதன் வழியே தூரத்துப் பொருள் ஒன்றை இரண்டு கண்ணாலும் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் இடைவெளிக்குள்ளேயே நிற்கிறதோ அதுதான் உங்கள் ஆதிக்கக் கண். வலக்கையால் இழுப்பவருக்கு இடக்கண் ஆதிக்கம் என்றால் அம்பு இடப்பக்கம்தான் போகும். எங்கள் குழுவில் பலருக்கு இதுதான் காரணமாக இருந்தது.

வில்லாசான்:
மாதம் தவறாமல் இதே கேள்வி இங்கே வருகிறது. தம்பி, பழைய இழைகளை ஒரு முறை வாசித்துவிட்டு வந்திருந்தால் பாதி விடை கிடைத்திருக்கும். வில்லின் அளவு தெரியாது, அம்பின் அளவு தெரியாது, ஆனால் விடை மட்டும் உடனே வேண்டும். இப்படியே போனால் வில்வித்தை கைவராது.

நாண் உயரம் எத்தனை அங்குலம்? கைப்பிடியின் குழிந்த இடத்திலிருந்து நாண் வரை அளக்க வேண்டும். நாண் முன்கையில் அடிக்கிறது என்றாலே உயரம் குறைவு என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டேக்ரான் என்ற செயற்கை இழையில் செய்த புது நாண் முதலில் நீளும், உயரம் தானாகவே இறங்கும். நாணைக் கழற்றி இன்னும் சில முறுக்கு ஏற்றினால் நீளம் குறையும், உயரம் கூடும். எல்லாக் கோளாறும் இங்கேதான் தொடங்குகிறது.

மரவில்:
ஐயா, நீங்கள் சொல்லும் தகவல் சரி. ஆனால் புதிதாக வருபவருக்கு எதைச் சொல்ல வேண்டும் என்றே தெரியாது. அதைக் கேட்டு வாங்குவதற்குத்தானே நாம் இருக்கிறோம்? அவரை விரட்ட வேண்டாம்.

புதுநாண்:
வலக்கை. 62 அங்குல வில், 30 பவுண்டு. கார்பன் அம்பு, அதன் மேல் 400 என்று போட்டிருக்கிறது. வில்லின் ஷெல்ஃப் (கைப்பிடிக்கு மேலே அம்பு தாங்கும் வெட்டு) மேலேயே வைத்து எய்கிறேன். தூரம் 10 மீட்டர். நாண் உயரம் 7 அங்குலத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது. கண் சோதனை செய்தேன், வலக்கண்தான்.

மரவில்:
இப்போது வழி தெரிகிறது. 400 என்பது அம்பின் விறைப்பு, அதாவது ஸ்பைன். 28 அங்குல இடைவெளியில் இரு முனையையும் தாங்க வைத்து நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிட்டால் தண்டு எவ்வளவு வளைகிறது என்ற அளவு அது. 400 என்றால் 0.400 அங்குலம் வளையும், 800 என்றால் 0.800 அங்குலம். எண் கூடக் கூடத் தண்டு இளகும். பலர் இதைத் தலைகீழாக நினைத்துக்கொள்கிறார்கள்.

ரிகர்வ் வில்லில் விரலை விட்டதும் நாண் நேராக முன்னால் போவதில்லை, பக்கவாட்டில் நழுவித்தான் போகிறது. அம்பு நெளிந்து, வில்லைச் சுற்றிக்கொண்டு வெளியேறுகிறது. ஆற்றில் மீன் கல்லைச் சுற்றிப் போவதைப் போல. 1930களிலேயே அமெரிக்க இயற்பியலாளர் கிளாரன்ஸ் ஹிக்மன் அதிவேகக் கேமராவில் இதைப் படம்பிடித்துக் காட்டிவிட்டார். நெளிய முடியாத அளவுக்குத் தண்டு விறைப்பாக இருந்தால் வில்லின் பக்கத்தில் மோதி, வலக்கைக்காரருக்கு இடப்பக்கம் தள்ளப்படும். 400 தண்டு 50 பவுண்டு வில்லுக்கு அருகில் பொருந்தக்கூடியது. 30 பவுண்டுக்கு அது இரும்புக் கம்பி மாதிரிதான்.

இரண்டு விஷயம் இன்னும் தெரிய வேண்டும். அம்பின் வாலில் இருப்பது இறகா, பிளாஸ்டிக்கா? அப்புறம், நீங்கள் எத்தனை அங்குலம் இழுக்கிறீர்கள்? வில்லில் எழுதியிருக்கும் 30 பவுண்டு 28 அங்குல இழுவைக்கு உரியது. குறைவாக இழுத்தால் அங்குலத்துக்கு ஏறக்குறைய 2 பவுண்டு குறையும்.

வில்லாசான்:
ஸ்பைன் எல்லாம் பிறகு. 62 அங்குல வில்லுக்கு நாண் உயரம் பெரும்பாலும் ஏழரைக்கும் எட்டேகாலுக்கும் இடையில் இருக்கும். வில்லைச் செய்தவர் சொன்ன அளவைப் பார்த்து முதலில் அதைச் சரிசெய்யட்டும்.

இருகண்:
நாண் கையில் அடிப்பதற்கு முழங்கையும் காரணம். வில் பிடிக்கும் கையின் முழங்கை மடிப்பு வானத்தைப் பார்த்திருந்தால் முன்கை நாணின் பாதைக்குள் வந்துவிடும். தோளை ஏற்றாமல் முழங்கையை மட்டும் வெளிப்பக்கம் திருப்புங்கள், மடிப்பு பக்கவாட்டைப் பார்க்க வேண்டும். கைக்காப்பு இல்லாமல் எய்யவே எய்யாதீர்கள். ஒரு தடவை அடிபட்ட கை அடுத்த அம்புக்குத் தானாகவே சுருங்கும், அதிலேயே அம்பு திசைமாறும்.

காட்டுப்பாதை:
எல்லாரும் எண்ணாகவே பேசுகிறீர்கள். பாரம்பரிய வில் என்றால் உள்ளுணர்வுதான். இலக்கில் ஒரு புள்ளியை உற்றுப் பாருங்கள், அம்பைப் பார்க்கவே பார்க்காதீர்கள். கை தானே கற்றுக்கொள்ளும். அமெரிக்க வில்வேட்டைக்காரர் ஃப்ரெட் பேர் அப்படித்தான் எய்தார்.

முனைக்குறி:
மறுக்கிறேன். அம்பு முனையைத் தெரிந்தே பார்ப்பதும் பாரம்பரியம்தான். அமெரிக்க வில்லாளி ஹோவர்ட் ஹில் இலக்கைப் பார்த்தபடியே ஓரக்கண்ணில் அம்பு முனையையும் கவனித்துத்தான் எய்தார். நாணில் 'நாக்' (அம்பின் வால்முனையில் நாணைக் கவ்வும் பிளவு) இருக்கும் இடத்துக்கு மேலே ஒரு விரல், கீழே இரண்டு விரல் என்று பிடித்தால் அம்பு கண்ணுக்குச் சில அங்குலம் கீழே இருக்கும். அதனால் 10 மீட்டரில் முனையை இலக்குக்கு நன்றாகக் கீழே வைக்க வேண்டும். மூன்று விரலையும் அந்த 'நாக்' இருக்கும் இடத்துக்குக் கீழே வைத்தால் அந்த இடைவெளி குறையும், புதியவருக்குச் சுலபம்.

காட்டுப்பாதை:
அப்படி அளந்து எய்வதற்குச் சைட் (குறிபார்க்கும் கருவி) மாட்டிக்கொண்டு போகலாமே. தூரம் தெரியாத காட்டில், மேடு பள்ளத்தில், உங்கள் இடைவெளிக் கணக்கு எங்கே நிற்கும்? மனம் அமைதியாக இருந்தால் அம்பு போய்ச் சேரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முனைக்குறி:
தூரத்தை மதிப்பிடுவதும் பயிற்சியில் வருவதுதானே. உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் பேர்போ (சைட் இல்லாத வில்) பிரிவில் நாணில் விரலை இடம் மாற்றிப் பிடிப்பதைக்கூட அனுமதிக்கிறார்கள். அவர்களெல்லாம் வில்லாளிகள் இல்லையா?

மரவில்:
இருவரும் இதைத் தனி இழையில் பேசுங்கள், நானும் ஆவலாக வருவேன். இங்கே கேட்டவர் அம்பு சாய்ந்து நிற்கிறது என்கிறார். எப்படிக் குறி பார்த்தாலும் அது நிமிராது.

புதுநாண்:
வாலில் பிளாஸ்டிக்தான். இழுப்பது 27 அங்குலம்.

மரவில்:
அப்படியானால் உங்கள் கைக்கு வருவது 28 பவுண்டுதான். ஷெல்ஃப் மேல் வைத்து எய்வதற்குப் பிளாஸ்டிக் ஒத்துவராது. இறகு வில்லில் பட்டால் படிந்துகொடுக்கும். பிளாஸ்டிக் படியாது, ஷெல்ஃபை உதைத்துவிட்டுப் போகும், வால் ஆடுவதற்கு அதுவே போதும். 700 அல்லது 800 தண்டு, இறகு வைத்தது, கிடைத்தால் எய்து பாருங்கள். உடனே நறுக்கிவிடாதீர்கள், நீளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். தண்டு நீளமானாலும் முனை கனமானாலும் அம்பு இளகலாக நடந்துகொள்ளும், அந்த நீளம் கையில் இருந்தால் பின்னால் நறுக்கிச் சரிசெய்யலாம். நாணில் நாக் மாட்டும் இடம், ஷெல்ஃபிலிருந்து நாணுக்குப் போகும் செங்கோட்டுக்கு ஏறக்குறைய அரை அங்குலம் மேலே இருக்கட்டும். இறகுகளில் நிறம் வேறாக இருக்கும் ஒன்று வில்லுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கட்டும்.

வில்லாசான்:
நாண் உயரத்தையும் ஏற்றச் சொல்லுங்கள்.

மரவில்:
ஆமாம், அதையும் செய்ய வேண்டும். வில்லாசான் ஐயா சொன்ன அளவு சரியானது. ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள், எது வேலை செய்தது என்று அப்போதுதான் தெரியும்.

இருகண்:
ஒரு எச்சரிக்கை. அந்த 400 அம்புகள் வில்லின் பக்கத்தில் மோதியிருக்கின்றன. ஒவ்வொன்றையும் முகத்துக்குத் தள்ளிப் பிடித்து மெல்ல வளைத்து, சுற்றிச் சுற்றிப் பாருங்கள். விரிசலோ நொறுங்கும் சத்தமோ இருந்தால் அதை மறுபடி நாணில் ஏற்றாதீர்கள். கார்பன் உடைந்தால் சிம்பு நேராகக் கையில் ஏறும்.

புதுநாண்:
நாண் உயரத்தை ஏழே முக்காலுக்கு ஏற்றினேன், கையில் அடிப்பது நின்றது. இறகு வைத்த 800 அம்பு இரவல் கிடைத்தது. வால் ஆடவில்லை, அம்பு நேராக நிற்கிறது. இடப்பக்கம் இன்னும் கொஞ்சம் போகிறது. எல்லாருக்கும் நன்றி.

மரவில்:
நல்ல செய்தி. மிச்சம் இருப்பது பெரும்பாலும் விரல் விடும் விதம்தான். கையை முகத்திலிருந்து வெளிப்பக்கம் பறித்து எடுத்தால் அம்பு இடப்பக்கம் போகும். விட்டதும் கை கன்னத்தை ஒட்டியே காதுக்குப் பின்னால் போகிறதா என்று யாரையாவது பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். அது சரியான பிறகும் இடப்பக்கமே போனால், முனையில் இன்னும் கொஞ்சம் கனம் சேர்த்துப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.