முதுகிலும் நெஞ்சிலும் பரு, ஆயின்மென்ட் போட்டும் அடங்கவில்லை

கோத்தகிரி_சங்கர்:
எல்லோருக்கும் வணக்கம். வயது 24, கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் ட்ரையர் பகுதியில் வேலை. உள்ளே பனியன் பிழிகிற அளவுக்கு வேர்க்கும், ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் பல் கிட்டும் குளிர், அதனால் ஈர பனியன் மேலேயே ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். முகத்தில் ஒன்றும் இல்லை. தோளிலும் முதுகிலும் பெரிய பருக்கள், சாய்ந்து உட்கார்ந்தால் வலிக்கிறது. நெஞ்சில் வேறு மாதிரி, எல்லாம் கடுகு அளவில் ஒன்றுபோல இருக்கும், அரிப்புத் தாங்க முடியவில்லை. மெடிக்கலில் ஒரு ஆயின்மென்ட் கொடுத்தார்கள், முதலில் நன்றாக அமுங்கியது, இப்போது முன்பைவிட அதிகம். பாட்டி உடம்புச் சூடு என்று சொல்லி எண்ணெய் தேய்த்துவிடுகிறார். நான் பீர்க்கங்கூட்டை வைத்து அழுத்தித் தேய்த்தும் பார்த்தேன், எரிச்சல்தான் மிச்சம். என்ன செய்யலாம்?

குன்னூர்_மலர்:
தம்பி, நான் மருந்துக் கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். முதலில் அந்த ட்யூபை எடுத்துப் பின்பக்கம் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் இவற்றில் ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. சிவப்பையும் வீக்கத்தையும் உடனே அமுக்கும், ஆனால் தொடர்ந்து போட்டால் அதுவே பருவைக் கிளப்பிவிடும், தோலையும் மெலியவைக்கும். இந்த மாதிரி கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது என்று 2018-லேயே விதி வந்துவிட்டது, இன்னும் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில்தான் கோபம்.

அடுத்தது, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இரண்டு பிரச்சினை ஒன்றாக இருக்கும்போல. முதுகில் இருப்பது சாதாரணப் பரு. நெஞ்சிலும் முதுகிலும் எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகம், மயிர்க்கால் அடைத்துக்கொண்டு உள்ளே கிருமி பெருகுவதால் வருவது, உடம்புச் சூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நெஞ்சில் ஒரே அளவில் அரிப்போடு இருப்பது பூஞ்சையாக இருக்கலாம். தேமல் வரவைக்கும் அதே பூஞ்சைதான் மயிர்க்காலுக்குள் இறங்கினால் இப்படிப் பொரிப்பொரியாக வரும். அதற்கு எண்ணெய்தான் தீனி, ஈரத்துணி அதற்கு வசதி. ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் குறையாது, சில பேருக்கு இன்னும் கூடும். பாட்டியிடம் பக்குவமாகச் சொல்லி, எண்ணெய்யைத் தலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நெஞ்சில் தைலமும் வேண்டாம்.

கொடை_மலையேறி:
வணக்கம் நண்பா, நான் கொடைக்கானலில் சுற்றுலாப் பயணிகளை மலைப்பாதையில் கூட்டிப்போகிற வேலை. முதுகுப்பை வார் உராய்கிற இடத்தில்தான் எனக்கு வரும். தோல் டாக்டர் எழுதிக்கொடுத்தது பென்சாயில் பெராக்சைடு. குளிக்கும்போது ஈர முதுகில் தடவி, சில நிமிடம் விட்டு, அப்புறம் கழுவ வேண்டும். இந்த ஊறவிடுகிற நேரத்தைத்தான் நம் ஆட்கள் விட்டுவிடுகிறோம், முதுகுத் தோல் தடிமன், தடவினதும் கழுவினால் ஒன்றும் நடக்காது. ஒன்று கவனம், அது துணியின் சாயத்தை எடுத்துவிடும். என் நீலத் துண்டு ஆரஞ்சுத் திட்டுத் திட்டாக ஆகிவிட்டது, அதனால் இப்போது துண்டு, பனியன் எல்லாம் வெள்ளைதான். பீர்க்கங்கூட்டைத் தூக்கிப் போடுங்கள், தேய்க்கத் தேய்க்கப் பரு சீழ் வைக்கும். கொதிக்கிற வெந்நீரும் வேண்டாம், குளிருக்கு இதமாக இருக்கும் என்றாலும் தோல் வறண்டு மருந்து போடும்போது எரியும்.

கோத்தகிரி_சங்கர்:
அக்கா, பார்த்தேன், பீட்டாமெத்தசோன் என்று போட்டிருக்கிறது. இன்றே நிறுத்துகிறேன். நெஞ்சுக்கு என்ன போடலாம்? மழைக்காலத்தில் தினமும் குளிக்கவும் முடிவதில்லை.

குன்னூர்_மலர்:
நிறுத்தியதும் சில நாள் பொங்கிக்கொண்டு வரலாம், பயந்து திரும்ப அதையே போட்டுவிடாதீர்கள். நெஞ்சுக்குக் கீட்டோகொனசோல் 2 சதவீத ஷாம்பு, தலைக்குப் போடுவதுபோல நெஞ்சில் நுரைத்து 5 நிமிடம் விட்டுக் கழுவுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் அரிப்பு அடங்கவில்லை என்றால் மாத்திரை தேவைப்படும், அதை டாக்டர்தான் எழுத வேண்டும். முழுக் குளியல் முடியாத நாளில் ஷிப்ட் முடிந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் நெஞ்சையும் முதுகையும் துடைத்து, காய்ந்த பருத்தி பனியனை மாற்றிவிட்டு, அதற்கு மேல் ஸ்வெட்டர் போடுங்கள். பையில் ஒரு மாற்று பனியன் இருந்தால் போதும், மருந்தில் பாதி வேலையை அதுவே செய்துவிடும்.

ஊட்டி_செவிலி:
மலர் அக்கா சொன்னது சரி, கொஞ்சம் சேர்க்கிறேன். முதுகில் கட்டிகட்டியாக, வலியோடு இருக்கிறது என்றால் வீட்டு வைத்தியத்தில் காலம் கடத்தாதீர்கள் தம்பி. நெஞ்சும் தோளும் தழும்பு தடித்து வளர்கிற இடங்கள், கிள்ளிவிட்டால் பரு போனாலும் அந்தத் தடிப்பு போகாது. ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவில் காட்டலாம், அந்த ட்யூபையும் கையில் எடுத்துப் போங்கள். முதுகுப் பருவுக்கு டாக்சிசைக்கிளின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை கொடுத்தால் வெயிலில் தோல் சுலபமாகக் கருகும். இங்கே மேகம் மூடியிருப்பதால் வெயில் இல்லை என்று நினைக்கிறோம், ஆனால் உயரம் கூடக்கூடப் புற ஊதாக் கதிரும் கூடும், ஊட்டியே 2,240 மீட்டரில் இருக்கிறது. அந்த மாத்திரையை வெறும் வயிற்றில் போடாமல், நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருங்கள்.

இதைப் படிக்கிற பெண்களுக்கு: கடுமையான பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் எழுதினால், அந்த மாத்திரை எடுக்கும்போதும் நிறுத்திய பிறகு ஒரு மாதமும் கர்ப்பம் தரிக்கவே கூடாது, குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கும். தோழியின் சீட்டைப் பார்த்து வாங்கிச் சாப்பிடுகிற மாத்திரை இல்லை அது.

முதுகுப் பருவுக்கு எந்த மருந்தாக இருந்தாலும் முழுப் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். ஜிம்முக்குப் போய் வே புரோட்டீன் ஏதாவது குடிக்கிறீர்களா? சில பேருக்கு அதனாலும் பரு வரலாம், குடித்தால் டாக்டரிடம் அதையும் சொல்லிவிடுங்கள்.