சொல் வேண்டும்: தலைவர் கையில் விட்டுவிடும் வாக்கு

குழுவினருக்கு வணக்கம்.

இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் பழைய மாளிகைகளையும் கடற்கரைகளையும் காத்துவரும் நேஷனல் டிரஸ்ட் எப்படி ஆளப்படுகிறது என்று ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். டிரஸ்டிக்கு 'அறங்காவலர்' என்ற சொல் இருக்கிறது, கவலையில்லை. கவுன்சிலுக்கு 'ஆலோசனைக் குழு' என்றும், டிஸ்கிரிஷனரி பிராக்ஸிக்கு (வாக்கை எப்படிப் போடுவது என்பதையும் பதிலாளிடமே விட்டுவிடுவது) 'விருப்புரிமைப் பதிலாள்' என்றும் போட்டிருக்கிறேன். வரைவை இணைத்துள்ளேன். பார்த்துச் சொல்லுங்கள்.

———

> உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் அறங்காவலர் குழு

தம்பி, கலைச்சொல்லுக்குப் போகுமுன் இந்த வரியைத் திருத்திவிடுங்கள். அங்கே உறுப்பினர்கள் அறங்காவலர்களைத் தேர்ந்தெடுப்பதில்லை. கவுன்சிலில் பாதிப் பேரைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். 36 இடங்களில் 18க்குத் தேர்தல். மீதி 18க்கு வெளி அமைப்புகள் ஆள் அனுப்புகின்றன. அந்தக் கவுன்சில்தான் அறங்காவலர்களை நியமிக்கிறது, தலைவர் உட்பட. உறுப்பினர் தொகை ஐம்பது லட்சத்துக்கும் மேல்; ஆனால் ஓர் அறங்காவலரைக்கூட அவர்கள் நேராக வாக்களித்து அமர்த்த முடியாது. இது பிழையோ சூழ்ச்சியோ அல்ல, அமைப்பே அப்படித்தான். 2005க்கு முன் இப்போதுள்ள அறங்காவலர் குழுவே கிடையாது. 52 பேர் கொண்ட கவுன்சில்தான் இறுதிப் பொறுப்பைச் சுமந்தது. 52 பேர் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வருவது எப்படி இருக்கும் என்று ஊர்க் கோயில் கமிட்டியில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே 'ஆலோசனைக் குழு' ஒத்துவராது. ஆலோசனை சொல்லிவிட்டு எழுந்துபோகிற குழு இல்லை அது. ஆளை அமர்த்துகிறது, கணக்குக் கேட்கிறது. 'பேரவை' என்று வையுங்கள். போர்டுக்கு, அதாவது அறங்காவலர் குழுவுக்கு, 'வாரியம்' வேண்டாம். உத்திரமேரூர்க் கல்வெட்டிலேயே இருக்கிற நல்ல சொல்தான், ஆனால் மின்வாரியமும் வீட்டுவசதி வாரியமும் அதை அரசு அலுவலகத்துக்குள் கொண்டுபோய்விட்டன. (குடவோலையை யாராவது இழுத்துவருமுன் சொல்லிவிடுகிறேன்: அது குலுக்கல், வாக்கெடுப்பு அல்ல.)

அறங்காவலரை மாற்ற வேண்டாம். ஆனால் தமிழ்நாட்டு வாசகருக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் அறநிலையத் துறையும் பரம்பரை உரிமையும் ஞாபகம் வரும். நேஷனல் டிரஸ்டில் இரண்டும் இல்லை, சம்பளமும் இல்லை என்று முதல் பத்தியிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

இனி 'விருப்புரிமை'. நேரில் வர முடியாத உறுப்பினர் கூட்டத் தலைவரையே தம் பதிலாளாக நியமிக்கலாம். இந்தத் தீர்மானத்துக்கு ஆதரவு, அதற்கு எதிர்ப்பு என்று சொல்லியும் அனுப்பலாம். 'நீங்களே பார்த்துப் போடுங்கள்' என்று விட்டும்விடலாம். சிக்கல் இரண்டாவதில்தான். 2017 பொதுக்கூட்டத்தில், டிரஸ்ட் நிலங்களில் டிரெயில் ஹன்டிங்கை (முன்கூட்டி இட்ட மோப்பத் தடத்தை வேட்டைநாய்களோடு பின்தொடர்வது) நிறுத்தவேண்டும் என்ற தீர்மானம் வெறும் 299 வாக்கில் தோற்றது. ஆதரவு 30,686, எதிர்ப்பு 30,985. தலைவரிடம் விட்டிருந்த வாக்குகள் எதிர்ப்பக்கம் போனதால் வந்த முடிவு அது. உறுப்பினர்கள் தாங்களே குறித்த வாக்குகளை மட்டும் எண்ணியிருந்தால் தீர்மானம் நிறைவேறியிருக்கும். நான்கு ஆண்டு கழித்து அதே கோரிக்கை பெரிய வித்தியாசத்தில் வென்றது வேறு கதை.

இப்போது 'விருப்புரிமை வாக்கு' என்று எழுதினால் படிப்பவர் யாருடைய விருப்பம் என்று நினைப்பார்? வாக்காளருடையது என்றுதான். உண்மையில் அவர் விருப்பத்தைக் கைமாற்றிவிட்டார். நான் சொல்வது: 'ஒப்படைப்பு வாக்கு'. எப்படிப் போடவேண்டும் என்று சொல்லி அனுப்புவது 'பணிப்பு வாக்கு'. இரண்டையும் போடுகிறவர் பதிலாள். அந்தச் சொல் கம்பெனி அறிவிப்புகளில் ஏற்கெனவே ஊன்றிவிட்டது, அப்படியே இருக்கட்டும்.

———

ஐயா சொன்ன 'ஒப்படைப்பு வாக்கு' எனக்குப் பிடித்திருக்கிறது. 'பணிப்பு' கொஞ்சம் இடிக்கிறது, ஆபீஸ் ஆர்டர் மாதிரி. 'குறித்த வாக்கு' போதாதா? நீங்களே ஓரிடத்தில் 'தாங்களே குறித்த வாக்குகள்' என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்.

இன்னொன்றும் விட்டுப்போயிற்று. 2022 முதல் குவிக் வோட் என்று ஒன்று வந்திருக்கிறது. ஒரே சொடுக்கில், நியமனக் குழு பரிந்துரைத்த வேட்பாளர்களுக்கும், தீர்மானங்களில் அறங்காவலர் குழு சொன்ன பக்கத்துக்கும் சேர்த்து வாக்கு விழுந்துவிடும். டிரஸ்ட் நிர்வாகத்தின் போக்கை விமர்சிக்கும் ரெஸ்டோர் டிரஸ்ட் அமைப்பினர் இதைக் கடுமையாக எதிர்க்கிறார்கள்; அவர்கள் ஆதரித்த வேட்பாளர் எவரும் 2022இலும் 2023இலும் பேரவைக்குள் வரவில்லை. பெரிய உறுப்பினர் அமைப்புகளில் இது வழக்கம்தான் என்பது நிர்வாகத்தின் பதில். 'விரைவு வாக்கு' என்றால் நிர்வாகம் வைத்த பெயர் தமிழிலும் நிலைத்துவிடும். எதிர்க்கிறவர்களைக் கேட்டால் 'கண்மூடி வாக்கு' என்பார்கள். 'பரிந்துரைவழி வாக்கு' என்பேன் நான்: என்ன நடக்கிறதோ அதை மட்டும் சொல்கிறது.

———

அம்மா, 'குறித்த வாக்கு' சரி, எடுத்துக்கொண்டேன். பரிந்துரைவழிக்கு ஒரு சின்ன மறுப்பு: அந்தப் பொத்தானின் பெயரைச் சொல்லும் இடத்தில் 'விரைவு வாக்கு' என்று மேற்கோளுக்குள் போட்டே ஆகவேண்டும், பெயரை நாம் மாற்ற முடியாது. விளக்கும் இடத்தில் உங்கள் சொல்லே இருக்கட்டும். தம்பி, பட்டியலைத் திருத்தி அனுப்புங்கள். 'நியமனக் குழு'வை மட்டும் இன்னொரு முறை பாருங்கள்: அது யாரையும் நியமிப்பதில்லை, வேட்பாளரை எடைபோட்டுச் சொல்கிறது, அவ்வளவுதான். 'வேட்பாளர் பரிசீலனைக் குழு' என்றால் இந்தக் குழப்பம் வராது.